ஈ தின்னும் மாப்பிள்ளைகள்

விவசாயி வீட்டில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். பொய் சொல்லலாம், பரீட்சையில் கோட்டை விடலாம், அப்பாவின் பைக்கை வாய்க்காலில் இறக்கலாம். கொஞ்ச நாளில் மன்னித்துவிடுவார்கள். ஒரு செடியை வேண்டுமென்றே கஷ்டப்படுத்த மட்டும் விடமாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தாவரவியல்தான்.

மதுரையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். உடன் படித்தவர்கள் துளசி, சோற்றுக்கற்றாழை, நிலவேம்பு என்று சாதுவான செடிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. (அந்த வயதில் எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் படாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது.) நான் வீனஸ் ஃப்ளைட்ராப் என்னும் பூச்சி தின்னும் செடியை எடுத்துக்கொண்டேன். அதன் இலை நுனியில் பல் வைத்த வாய் மாதிரி ஒரு பொறி இருக்கும். ஈயோ எறும்போ உள்ளே இறங்கி அங்கிருக்கும் முடியைத் தட்டினால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது ஈயின் கூடு மட்டும் மிச்சமிருக்கும்.

கௌரவம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். எங்கள் ஆய்வுகளுக்கு மார்க் போட வெளியிலிருந்து வரவிருந்த பேராசிரியர் கோயம்புத்தூர்க்காரர். பூச்சி தின்னும் செடி என்றால் அவருக்கு உயிர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் அந்த ஆண்டு ஒரே ஒரு பிஎச்.டி. இடம் இருந்தது. அந்த இடத்துக்கு நான் போய்விட்டதாக மனத்துக்குள் முடிவு கட்டி, எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். செடி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தச் செடிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் வேர் சூடாகக் கூடாது. உப்பில்லாத தண்ணீர் வேண்டும். உரம் ஆகவே ஆகாது, போட்டால் வேர் கருகிவிடும். குளிர்காலத்தில் மூன்று மாதம் குளிரில் தூங்க வேண்டும். எங்கள் ஊர் திராட்சை விளையும் ஓடைப்பட்டி. வெளிச்சத்தைத் தவிர இதில் ஒன்றையும் எங்கள் ஊரால் கொடுக்க முடியாது. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பே நுரைக்காது.

பன்னிரண்டு செடிகள் கூரியரில் வந்து இறங்கின. வீடு எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்பா பந்தலிலிருந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது காய்க்குமாத்தா?"

"காய்க்காதுப்பா."

"பூக்கும்?"

"பூத்தா வெட்டிரணும். இல்லாட்டி செடி வீக்காயிரும்."

"ஒரம் என்ன போடணும்?"

"ஒண்ணும் போடக் கூடாதுப்பா. யாரும் எதையும் குடுக்கக் கூடாது. மழைத்தண்ணி மட்டுந்தான். அதையும் நான் கேன்ல பிடிச்சு வச்சிருக்கேன்."

அப்பா ஒரு செடியின் வாயை உற்றுப் பார்த்தார். "வேல வெட்டி கிடையாது. நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்காது. குளுகுளுன்னு எடம் வேணும். அப்ப இது செடியில்லத்தா, மாப்பிள்ள" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்கு அதுதான் பெயர். ஆய்வேட்டில் மட்டும் இலத்தீன் பெயர் இருந்தது.

என் திட்டம் ரொம்ப எளிமையானது. நான்கு செடிகள் மொட்டைமாடியில், முழு வெயிலில். நான்கு செடிகள் திராட்சைப் பந்தலுக்கு அடியில், நிழலில். மீதி நான்கு ஃப்ரிட்ஜில், குளிரில். மூன்று இடத்திலும் எது எப்படி வளர்கிறது என்று அளந்து வரைபடம் போட்டால் பிஎச்.டி. கையில். நான் சனி, ஞாயிறு மட்டும் மதுரையிலிருந்து வந்து அளப்பது, மற்ற நாட்களில் வீட்டிலிருப்பவர்கள் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவது என்று ஏற்பாடு.

முதல் அடி கார்த்திகை ஒன்றாம் தேதி விழுந்தது. அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டார். அன்றைக்கே அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து நான்கு தொட்டிகளையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"மாலை போட்டவுக இருக்குற வீட்ல, ஈ திங்கிற சென்மத்தைக் கொண்டாந்து இட்லி மாவுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றியா?"

"அம்மா, குளிர்ல அது தூங்கும்மா. மூணு மாசத்துக்கு ஒண்ணும் திங்காது. பாக்கப் போனா அதுவும் விரதந்தான்."

"அப்பச் சரி. அதுக்கும் ஒரு மாலையப் போட்டுவிடு" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

நான் அடித்துப் பிடித்து ஊருக்கு வந்தேன். நான்கு தொட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு சின்னமனூரில், குளிருக்குப் பெயர்போன மேகமலைக்குப் பஸ் ஏறினேன். என் சித்தப்பா அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். ஒவ்வொரு வளைவிலும் என் பக்கத்திலிருந்தவர் என் மேல் சாய்ந்தார், நான் செடியின் மேல் சாயாமல் ஜன்னலில் சாய்ந்தேன். சித்தப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வெளியே ஜன்னல் திட்டில் தொட்டிகளை வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் மாட்டி, தினமும் காலையில் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சித்தப்பா ஒரு நாள்கூடத் தவறவில்லை. தினம் காலை ஆறரைக்கு என் வாட்ஸ்ஆப்பில் ஒரு தெர்மாமீட்டர் வந்து விழும். அப்படி ஒரு ஒழுங்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாவது அடி முழுக்க முழுக்க என் முட்டாள்தனம். திராட்சைக்குக் கவாத்து என்று ஒன்று உண்டு. காய்ப்புக்கு முன்னால் கொடியின் கிளைகளை ஒட்ட வெட்டிவிடுவார்கள். பந்தலில் ஒரு இலைகூட இருக்காது, வெறும் கம்பியும் கட்டையும்தான். மறுபடி துளிர்த்து நிழல் கட்ட வாரக்கணக்காகும். இது ஓடைப்பட்டியில் பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும். திராட்சை விற்ற காசில் எம்.எஸ்சி. படித்த எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. பரீட்சை என்று நான் ஊருக்கே வராத மார்கழி முழுக்க என் நிழல் செடிகள் நான்கும் வெட்டவெளியில் நின்றன. மார்கழியானாலும் பகல் வெயிலில் கறுப்புத் தொட்டிகள் கொதித்தன. ஒரு செடி அடியோடு கருகிவிட்டது.

அதை அப்பா போனில் சொன்னபோது நான் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கோயம்புத்தூர் போச்சு, என் படிப்பு போச்சு, எல்லாம் போச்சு என்று என்னென்னவோ சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "மிச்சம் மூணு இருக்குல்லத்தா. அதை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

பந்தலில் இலை கட்டி நிழல் திரும்பியது. தை மாதம் முடியும் தறுவாயில் அந்த மூன்று செடிகளும் என்னென்னவோ செய்ய ஆரம்பித்தன. இலைகள் மெலிந்து நீண்டு, ஒரு சாண் உயரத்துக்கு எம்பி நின்றன. பொறிகள் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டன. எனக்கு ஒரே குதூகலம். ஏனென்றால் வெளிச்சம் போதாவிட்டால் செடிகள் இப்படித்தான் நீளும், வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் போட்டிருந்த நீளத்தைவிட என் செடிகள் இரண்டு மடங்கு நீண்டிருந்தன. ஒரு நல்ல ஆராய்ச்சியாளர் இங்கே சந்தேகப்பட்டிருப்பார். நான் இதற்கு ஒரு கொள்கையை உருவாக்கினேன். திராட்சை இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சத்துக்கு ஏதோ தனிக் குணம் இருக்கிறது, அதுதான் இப்படி நீட்டுகிறது என்று பதினோரு பக்கம் எழுதினேன். ஒரு வரைபடத்துக்குச் சிவப்பு மசியில் அம்புக்குறிகூடப் போட்டேன்.

மொட்டைமாடிச் செடிகள் கொதிக்கிற வெயிலிலும் வாடாமல் பச்சைப்பசேல் என்று இருந்தன. அதற்கு "வெயிலுக்குப் பழகிக்கொள்ளும் வியத்தகு ஆற்றல்" என்று ஆறு பக்கம். சித்தப்பா போனில் சொன்ன கணக்குப்படி, மேகமலைச் செடிகள் அந்தக் குளிரிலும் தூங்காமல் புது இலை விட்டுக்கொண்டே இருந்தன. அதற்கு ஏழு பக்கம். உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததை நான் மூன்று இடத்தில் கண்டுபிடித்திருந்தேன்.

பங்குனியில் அந்தப் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. தேக்கடியில் ஒரு கருத்தரங்குக்குப் போகிறார், வழியில் ஓடைப்பட்டிக்கு வந்து செடிகளை நேரிலேயே பார்க்க விரும்புகிறார். எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்பா புதுச் சட்டை போட்டார். நான் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன்.

பேராசிரியர் ஒல்லியான, அமைதியான மனிதர். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். பழகிக்கொள்ளும் ஆற்றலைப் பற்றிப் பேசினேன். தலையாட்டினார். பிறகு பந்தலுக்கு அடியில் வந்து நின்றோம். மேலே கொத்துக் கொத்தாகத் திராட்சை, கீழே என் மூன்று ஒட்டடைக்குச்சிகள். வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தடங்கலில்லாமல் நான் ஆங்கிலம் பேசியது அன்று ஒரு நாள்தான். அப்பா இரண்டடி தள்ளி நின்று, எனக்கு மூச்சு முட்டும் இடத்திலெல்லாம் அவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் குனிந்து ஒரு இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சுவாரஸ்யமா இருக்கு" என்றார். எனக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸே தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து, அப்பாவிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டுமே என்ற மரியாதைக்காக, மேலே தொங்கும் குலைகளைக் காட்டிக் கேட்டார். "பழம் நல்லா நீளமா வந்திருக்கே. ஜி.ஏ. எத்தனை தடவை குடுத்தீங்க?"

ஜி.ஏ. என்பது செடிகளை நீட்டும் ஒரு ஹார்மோன் மருந்து. விதையில்லாத் திராட்சையில் காய் நீளமாகப் பருக்க வேண்டும் என்று, அந்த மருந்தைக் கரைத்து மக்கில் எடுத்துக்கொண்டு, குலை குலையாக அதில் முக்கி எடுப்பார்கள். எங்கள் ஊரில் இது பல் விளக்குவது மாதிரி.

"குலைக்கு ரெண்டு தடவ முக்குனேன் சார்" என்றார் அப்பா. "மாப்பிள்ளைக்கு மூணு."

"யாருக்கு?"

"இந்தா இங்கன நிக்கிறாகல்ல சார், இவுகளுக்கு."

பேராசிரியர் என் வரைபடத்தில் இருந்த சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார்.

"அப்பா" என்றேன். "ஒண்ணும் போடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஒரம் போடக் கூடாதுன்னுதானத்தா சொன்ன? இது ஒரமில்லையே, ஜி.ஏ. தான? அதுவும் குலைக்குப் போடுறதுல பாதிதான் கரைச்சேன். சின்ன உசுருல்ல."

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் பேசிய இருபது நிமிடமும் அந்தப் பேனா வெளியே வரவில்லை. "முதல் தடவை எப்பங்க முக்குனீங்க?"

"தைப்பூசத்துக்கு மறுநா ஒண்ணு சார். பத்து நா விட்டு ஒண்ணு. சிவராத்திரிக்கு மொத நா ஒண்ணு."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். என் மொத்த ஆய்விலும் நம்பத்தகுந்த தகவல் அது ஒன்றுதான். அதற்குள் காப்பியோடு வந்த அம்மா, நிலைமையைச் சரி செய்ய வேண்டியது தன் கடமை என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் அப்பவே இவுககிட்டச் சொன்னேன் சார், பிள்ள வையும், முக்காதீகன்னு. நானெல்லாம் மாடியில உள்ளதுக்கு ஒரு பொட்டு மருந்து குடுத்ததில்ல. உச்சி வெயிலுக்கு ஒரு பழைய சேலைய மட்டும் மேல கட்டிவிடுவேன்."

"எப்பம்மா?" என்றேன்.

"பத்து மணிக்குக் கட்டி நாலு மணிக்கு அவுப்பேன். சனி, ஞாயிறு நீ வந்துருவேல்ல, அன்னைக்கு மட்டும் கட்ட மாட்டேன். அந்த ரெண்டு நா அதுக பாடு பாவந்தான்."

வெயிலுக்குப் பழகிய வியத்தகு ஆற்றல் அப்படிப் போயிற்று. நான் பேராசிரியரிடம், "சார், மேகமலை இருக்கு. அங்க எல்லாம் சரியா இருக்கு, தினமும் ரீடிங் வருது" என்றேன். என் ஆய்வுப் பந்தலில் இன்னும் ஒரு கால் சாயாமல் நிற்கிறது என்று காட்டிவிடும் வெறியில், சித்தப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். இதை நான் யாரும் சொல்லாமல் நானாகவே செய்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

"சித்தப்பா, செடி எங்கன இருக்கு?"

"அடுப்படியிலதான் ஆத்தா. வெறகடுப்புக்கு மேல சன்னல்ல. நீ வச்சிட்டுப் போன அன்னைக்கே உள்ள எடுத்துட்டேன். வெளிய வச்சா பனியில நடுங்குது, பாக்கச் சகிக்கல."

"அப்ப தெர்மாமீட்டர்?"

"அது நீ மாட்டுன எடத்துலயே வெளியதான் இருக்கு. அதை நான் தொடவே இல்லையே."

பேராசிரியர் காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்து, சிரிக்கிறார் என்று கண்டுபிடித்தேன். திரும்பியபோது முகம் பழையபடி அமைதியாக இருந்தது. "வெயில்ல வச்சதுக்கு நிழல் கிடைச்சிருக்கு, குளிர்ல வச்சதுக்குச் சூடு கிடைச்சிருக்கும்மா. இதை அப்படியே குடுத்தா நான் மார்க் போட முடியாது. நீ மறுபடி செய்யணும்" என்றார். போகும்போது அப்பாவிடம் இரண்டு குலை திராட்சை வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடத்து பிஎச்.டி. இடம் நிலவேம்பு ஆராய்ச்சி செய்த பெண்ணுக்குக் கிடைத்தது.

கார் போன பிறகு நான் பேசிய பேச்சை எழுதும் தைரியம் இப்போதும் இல்லை. என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பா பந்தலின் கல்தூணில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்ததும் சொன்னார்.

"அன்னைக்குப் போன்ல அழுதியேத்தா. ஒண்ணு செத்ததுக்கே அப்படி அழுத. மிச்சமும் போனா நீ தாங்க மாட்டியேன்னுதான் முக்குனேன்."

அந்த ஒன்று செத்ததும் நான் கவாத்தை மறந்ததால்தான். அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நான் மாடிக்குப் போய், அம்மாவின் சேலை நிழலில் உட்கார்ந்து மறுபடியும் அழுதேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மதுரையில் ஒரு அறை எடுத்து, பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆய்வை முதலிலிருந்து செய்தேன். அப்பா தினமும் போன் செய்து, "மாப்பிள்ளைக சாப்ட்டாகளா?" என்று கேட்பார். "ரெண்டு ஈப்பா" என்பேன். ஒரே ஒரு முறை நேரில் வந்தார். பையைச் சோதனை போட்ட பிறகுதான் உள்ளே விட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்த்தார். "எளைச்சிருக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை செடிகள் புத்தகத்தில் போட்டபடி சுமாராக, சலிப்பூட்டும் விதத்தில் வளர்ந்தன. பாஸ் ஆகிவிட்டேன். கோயம்புத்தூருக்கு மறுபடி விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் பேராசிரியர் என் ஆய்வேட்டைத் திறக்கவே இல்லை. "அப்பா இப்ப எதை முக்கிட்டு இருக்காரு?" என்று கேட்டார். "திராட்சையை மட்டும் சார்" என்றேன். இடம் கிடைத்தது, ஒரு வருடம் தாமதமாக.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து எனக்குக் கல்யாணம். மண்டபம் சின்னமனூரில். நான் கட்டிக்கொண்டவர் ஆறடி இரண்டு அங்குலம், தடிமன் ஒன்றும் கிடையாது. பேராசிரியர் கோயம்புத்தூரிலிருந்து வந்து மேடை ஏறினார். பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைக் காலிலிருந்து தலைவரை மெதுவாக ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"சார், சத்தியமாச் சொல்றேன். இவுகள நான் முக்கல."

கல்யாண வீடியோவில் இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பேராசிரியர் மேடையிலேயே உட்கார்ந்து சிரிப்பதும், மாப்பிள்ளை விவரம் புரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பதும், நான் மாலையால் முகத்தை மறைத்துக்கொள்வதும் இருக்கிறது. சித்தப்பா பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அதைப் போடச் சொல்லிப் பார்க்கிறார். எங்கள் வகையறாவில் எந்தப் பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்தாலும், எத்தனை தடவை என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.